யாமாமோதோவும் தகாய்ச்சியும்: மணமக்களின் பெயருக்கு ஜப்பான் முன் நான்கு வழிகள்

2025இல் ஜப்பான் பிரதமரான சனாயே தகாய்ச்சி ஒரே மனிதரை இரண்டு முறை மணந்தவர். 2004இல் லிபரல் ஜனநாயகக் கட்சி எம்.பி. தாகு யாமாமோதோவை மணந்தபோது, குடும்பப் பதிவேட்டில் அவர் பெயர் யாமாமோதோ சனாயே என்று மாறியது. அரசியலில் மட்டும் பிறந்த வீட்டுப் பெயரான தகாய்ச்சியையே வைத்துக்கொண்டார். 2017இல் மணமுறிவு. 2021இல் அதே யாமாமோதோவுடன் மறுமணம். இம்முறை பெயரை விட்டவர் கணவர். அவர் தகாய்ச்சி ஆனார். சட்டம் காட்டும் இரண்டு வாசல்களிலும் இந்தத் தம்பதி நுழைந்து பார்த்துவிட்டார்கள். மூன்றாவது வாசல் இல்லை. இருவரும் தத்தம் பெயரோடு மணந்துகொள்ள ஜப்பானில் இடமில்லை.

சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவு சுருக்கமானது. திருமணத்தின்போது கணவனின் குடும்பப் பெயரையோ மனைவியின் குடும்பப் பெயரையோ தேர்ந்தெடுத்து, இருவரும் அதையே ஏற்க வேண்டும். யாருடைய பெயர் என்று சட்டம் கட்டளையிடவில்லை. ஆனால் ஏறத்தாழ 95 சதவீதத் திருமணங்களில் பெயரை விடுபவர் பெண்தான். இப்படி ஒரே குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் வேறொரு நாட்டைத் தனக்குத் தெரியாது என்று ஜப்பானின் சட்ட அமைச்சகமே சொல்லியிருக்கிறது.

இந்தப் பிரிவை என்ன செய்வது என்ற கேள்வி 1996 முதல் நாடாளுமன்றத்தின் வாசலில் காத்திருக்கிறது. நான்கு வழிகள் பேசப்படுகின்றன. இருக்கிற சட்டத்தை அப்படியே விட்டுவிடுவது ஒன்று. பிறந்த வீட்டுப் பெயரை வழக்குப் பெயராக, அதாவது பதிவேட்டுப் பெயரை மாற்றாமல் அன்றாடம் புழங்கும் பெயராக, பயன்படுத்தச் சட்ட உரிமை தருவது இன்னொன்று. தகாய்ச்சி பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவது இதைத்தான். மணத்துக்கு முன்பிருந்த பெயரையே சட்டப் பெயராகத் தொடர விடுவது மூன்றாவது. விரும்புகிற தம்பதிகள் வெவ்வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று 750ஆம் பிரிவையே திருத்துவது நான்காவது. 2025 அக்டோபரில் தகாய்ச்சி பிரதமரான பிறகு இரண்டாவது வழி அரசாங்கத்தின் வழியாகிவிட்டது. ஆகவே அவரை முதலில் நேர்மையாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1961இல் நாரா மாகாணத்தில் பிறந்தவர் அவர். தாயார் நாரா மாகாணக் காவல் துறையில் பணியாற்றியவர். கோபே பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் படித்தார். இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டினார். அரசியல்வாதிகளை உருவாக்குவதற்காகவே தொடங்கப்பட்ட மட்சுஷிதா பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1980களின் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பாட்ரிசியா ஷ்ரோடரின் அலுவலகத்தில் பணிபுரிந்தார். ஷ்ரோடர் ஜனநாயகக் கட்சிக்காரர்; பெண்களின் வேலை உரிமைக்காகவும் குடும்ப விடுப்புச் சட்டத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடியவர். அங்கிருந்து திரும்பியவர்தான் பின்னாளில் பிரதமராக இருந்த ஷின்சோ அபேயின் நெருங்கிய தோழராகி, போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி ஆலயத்துக்குத் தவறாமல் சென்று, அரச வாரிசுரிமை ஆண் வழியிலேயே தொடர வேண்டும் என்று பேசி, மார்கரெட் தாட்சரைத் தன் முன்மாதிரி என்று சொன்னார்.

1993இல் சுயேச்சையாக வென்று நாடாளுமன்றம் புகுந்தார். 1996இல் லிபரல் ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 2003இல் தோற்றார், 2005இல் மீண்டார். 2014இல் உள்துறை, தகவல்தொடர்பு அமைச்சரானார். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண். கட்சித் தலைவர் தேர்தலில் 2021இல் தோல்வி. 2024இல் முதல் சுற்றில் 181 வாக்குகளுடன் முந்தியும், இறுதிச் சுற்றில் ஷிகேரு இஷிபாவிடம் 194க்கு 215 என்று தோற்றார். 2025 அக்டோபர் 4 அன்று ஷின்ஜிரோ கொய்சுமியை 185க்கு 156 என்று வென்றார். விடாமல் முயன்று வந்தவர். குடும்பப் பெயர் விஷயத்திலும் அதே விடாமுயற்சிதான். அதை நான் மதிக்கிறேன். அவர் முன்வைக்கும் வழி பாதி வழிதான் என்று எனக்குத் தோன்றினாலும்.

இனி வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி: இருப்பது இருக்கட்டும்

இதன் ஆதரவாளர்கள் முதலில் சொல்லும் சொல் மரபு. குடும்பத்துக்கு ஒரு பெயர் என்பது ஜப்பானின் தொன்மையான பண்பாடு என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சாதாரண மக்கள் அனைவரும் குடும்பப் பெயர் சூட வேண்டும் என்ற கட்டாயமே 1875இல்தான் வந்தது. மறு ஆண்டு, 1876இல், மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று மெய்ஜி அரசாங்கம் உத்தரவிட்டது. தம்பதிக்கு ஒரே பெயர் என்ற விதி 1898இன் சிவில் சட்டத்தோடு வந்தது. குடும்பத் தலைவனுக்குக் கீழே எல்லோரையும் அடுக்கிய 'இயெ' முறையின் பகுதி அது. போருக்குப் பிறகு 1947இல் சட்டம் திருத்தப்பட்டு 'இயெ' முறை ஒழிந்தது; பெயர் விதி மட்டும் 'கணவன் அல்லது மனைவி' என்ற சமத்துவச் சொல்லோடு உயிர் பிழைத்துக்கொண்டது.

நீதிமன்றம் இந்த வழிக்குத் துணை நின்றிருக்கிறது என்பதும் உண்மை. 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு, 750ஆம் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. 2021 ஜூன் 23 அன்று அதையே உறுதிசெய்தது. ஆனால் முதல் தீர்ப்பில் 5 நீதிபதிகள் அந்தப் பிரிவு சாசனத்துக்கு முரணானது என்றார்கள். அமர்விலிருந்த 3 பெண் நீதிபதிகளும் அந்த ஐவரில் இருந்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பும் சட்டம் சிறந்தது என்று சொல்லவில்லை. எந்த முறை வேண்டும் என்பதை நாடாளுமன்றம் விவாதித்து முடிவுசெய்யட்டும் என்று விட்டது.

அந்த மூவரில் ஒருவர் ரியூகோ சகுராய். தொழிலாளர் அமைச்சக அதிகாரியாக இருந்த காலத்தில் பிறந்த வீட்டுப் பெயரான ஃபுஜியி என்ற பெயரில் பணியாற்றியவர். 2008இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அங்கே பதிவேட்டுப் பெயரைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. பல்லாண்டு உழைப்பில் சேர்த்த பெயர் நாட்டின் உச்சபட்ச நீதிபீடத்தின் வாசலில் கழன்று விழுந்தது.

சட்டம் மாறாததற்கு விலை கொடுப்பவர்கள் இன்னொரு கூட்டமும் உண்டு. பெயரை இழக்க மனமில்லாமல் திருமணத்தைப் பதிவே செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் அவர்கள். ஒருவர் இறந்தால் மற்றவருக்குச் சட்டப்படியான வாரிசுரிமை இல்லை. வருமான வரியில் வாழ்க்கைத் துணைக்கான கழிவும் இல்லை. குடும்பம் சிதையக் கூடாது என்பதற்காகக் காக்கப்படும் ஒரு விதி, சிலரைச் சட்டபூர்வமான குடும்பம் அமைக்க விடாமல் தடுக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வழியை நான் ஒதுக்கிவிடுகிறேன்.

இரண்டாம் வழி: தகாய்ச்சியின் வழி

தகாய்ச்சி மாற்றமே கூடாது என்பவர் அல்லர். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். வழக்குப் பெயர் பயன்பாட்டுக்கான சட்ட வரைவொன்றை 2002இலேயே எழுதிக் கட்சியின் சட்டப் பிரிவிடம் கொடுத்தவர் அவர். கட்சி அதைக் கையில் எடுக்கவில்லை. 2019 நவம்பரில், அவர் மீண்டும் உள்துறை அமைச்சராக இருந்த நேரத்தில், குடியிருப்புப் பதிவேட்டிலும் 'மை நம்பர்' அடையாள அட்டையிலும் பிறந்த வீட்டுப் பெயரைச் சேர்த்து எழுதும் முறை நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே ஓட்டுநர் உரிமத்திலும். தன் அமைச்சகத்தின் கீழ் வரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நடைமுறைகளில் பழைய பெயரை ஏற்கச் செய்ததாக அவரே சொல்லிவருகிறார்.

அவருடைய வாதம் இது. குடும்பப் பதிவேடான கொசெக்கி ஒரு தம்பதியையும் அவர்களுடைய மணமாகாத பிள்ளைகளையும் ஒரே பெயரின் கீழ் வைத்திருக்கிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது. அந்த அமைப்பைக் கலைக்காமல், வேலையிலும் வெளியுலகிலும் பெண்கள் படும் சிரமத்தை மட்டும் தீர்த்துவிடலாம். தம்பதிக்கு இரண்டு பெயர் என்றால் குழந்தைக்கு எந்தப் பெயர் என்பதில் இரண்டு குடும்பங்களும் மோதிக்கொள்ளும். அந்தச் சண்டையின் நடுவே குழந்தையை நிறுத்தக் கூடாது.

இந்த வழியின் பலம் அதன் வேகம். சிவில் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. ஏற்கனவே மணமாகிப் பெயர் மாறிவிட்ட கோடிக்கணக்கான பெண்களுக்கு உடனே கைகொடுக்கும். பதிவேட்டை மாற்றாமல், கணவரோடு பேச்சுவார்த்தை நடத்தாமல், அவர்கள் தம் பழைய பெயரை அலுவலகத்தில் எழுதலாம். இதைச் சிறிய உதவி என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஒருவருக்கு இரண்டு பெயர்கள் என்றாகிவிடுகிறது. ஜப்பான் பாஸ்போர்ட்டில் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது கண்ணுக்கு மட்டும்தான். பாஸ்போர்ட்டின் சிப்பில் அந்தப் பெயர் இல்லை, விமான நிலையத்தில் இயந்திரம் படிக்கும் வரியிலும் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது என்ன என்று வெளிநாட்டுக் குடியேற்ற அதிகாரிக்கு விளக்க வேண்டி வரலாம். மாநாட்டு அழைப்பில் ஒரு பெயர், விமான டிக்கெட்டில் இன்னொரு பெயர். பெண்ணியக் குழுக்கள் இதைச் சொன்னபோது காது கொடுக்காதவர்கள்கூட, 2024 ஜூனில் பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்தான்ரென் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வழக்குப் பெயரால் தீராத சிக்கல்கள் நிறுவனங்களுக்கே ஆபத்தாகிவிட்டன, தம்பதிகள் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டமாக்குங்கள் என்று அது அரசாங்கத்திடம் கேட்டது. புரட்சிக்காரர்களின் சங்கம் அல்ல அது.

அப்போது எதிர்க்கட்சியாக இருந்த இஷின் கட்சி 2025இல் கொண்டுவந்த சட்டமுன்வடிவு தகாய்ச்சியின் பழைய யோசனையைவிட ஒரு படி மேலே போகிறது. பழைய பெயரைக் கொசெக்கியிலேயே பதிந்து, அதற்குச் சட்ட வலு தந்து, அதை மட்டும் தனியாகப் பயன்படுத்தவும் வகைசெய்கிறது. இங்கேதான் இந்த வழியின் தர்க்கம் தடுமாறுவதாக எனக்குப் படுகிறது. பழைய பெயரை எங்கும் தனியாகப் பயன்படுத்தலாம் என்றால், அந்தப் பெண்ணை அக்கம்பக்கமும் அலுவலகமும் வங்கியும் அந்தப் பெயரால்தான் அறியும். கணவனோடு பகிர்ந்த பெயர் பதிவேட்டுத் தாளில் மட்டும் இருக்கும். குழந்தையின் கண்ணில் அம்மாவுக்கு வேறு பெயர்தான். அப்படியானால் குடும்ப ஒற்றுமையைக் காப்பது எது? தனியாகப் பயன்படுத்த விடாமல் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னாலோ, அட்டையை நீட்டும் இடமெல்லாம் தன் திருமணத்தையும் மணமுறிவையும் அவர் அறிவித்துக்கொண்டே போக வேண்டும். இவ்விரண்டில் எதை எடுத்தாலும் ஒரு நோக்கம் தோற்கிறது.

மூன்றாம் வழி: இனாதாவின் வழி

பழமைவாத முகாமுக்குள்ளிருந்தே வந்த யோசனை என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. லிபரல் ஜனநாயகக் கட்சியின் தொமோமி இனாதா வழக்கறிஞர். அபேயின் அரவணைப்பில் வளர்ந்தவர். 2016இல் பாதுகாப்பு அமைச்சரானவர். தனிப் பெயர் முறையை ஒருகாலத்தில் உறுதியாக எதிர்த்தவர், பின்னர் மனம் மாறினார்.

அவர் காட்டும் முன்னுதாரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மணமுறிவு பெறுபவர் பழைய பெயருக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. ஆனால் மூன்று மாதத்துக்குள் அறிவித்தால் மண வாழ்வில் இருந்த பெயரையே தொடரலாம் என்று 767ஆம் பிரிவு சொல்கிறது. அதையே மறுபுறம் திருப்புகிறார் இனாதா: மணம் புரியும்போது ஒரே பெயரைத் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் பெயரை விட்டவர் விண்ணப்பித்தால், மணத்துக்கு முந்தைய பெயரையே சட்டப் பெயராகத் தொடரட்டும்.

கொசெக்கி தப்பிக்கிறது, குழந்தையின் பெயரும் தானாகவே முடிவாகிவிடுகிறது, அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி ஒரே பெயர்தான். இரண்டாம் வழியைவிட இது தெளிவானது. குறை என்னவென்றால், முதலில் விட்டுக்கொடுத்து, பிறகு கேட்டு வாங்க வேண்டும். கட்சிக்குள் இந்த யோசனைக்குக் கூட்டம் சேரவில்லை. நான்காம் வழி அடியோடு அடைபட்டுப்போனால், நான் கைகாட்டுவது இதைத்தான்.

நான்காம் வழி: தேர்ந்தெடுக்க விடுவது

1996இல் சட்ட அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது இது. விரும்புகிறவர்கள் ஒரே பெயர் வைத்துக்கொள்ளலாம். விரும்பாதவர்கள் தத்தம் பெயரோடு மணக்கலாம். குழந்தைகளின் பெயரைத் திருமணத்தின்போதே முடிவுசெய்துவிட வேண்டும். உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் அதே பெயர். வெவ்வேறு பெயருள்ள தம்பதியும் ஒரே கொசெக்கியில்தான் இருப்பார்கள். லிபரல் ஜனநாயகக் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் அந்த வரைவு அரசாங்க மசோதாவாக நாடாளுமன்றத்தை எட்டவே இல்லை. 2010இல் ஜப்பான் ஜனநாயகக் கட்சி ஆட்சியில் சட்ட அமைச்சர் கெய்கோ சிபா மீண்டும் முயன்றார். கூட்டணிக் கட்சித் தலைவர் ஷிசுகா காமெய் முட்டுக்கட்டை போட்டார். ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு 2003, 2009, 2016, 2024 என்று நான்கு முறை சட்டத்தை மாற்றச் சொல்லிவிட்டது.

2025இல்தான் கதவு கொஞ்சம் அசைந்தது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்திருந்ததால், கீழவையின் சட்டக் குழுத் தலைமை எதிர்க்கட்சியிடம் வந்தது. அரசியல்சாசன ஜனநாயகக் கட்சி, மக்கள் ஜனநாயகக் கட்சி, இஷின் ஆகிய மூன்றும் தத்தம் மசோதாவைக் கொண்டுவந்தன. 28 ஆண்டுகளுக்குப் பிறகு குழுவில் விவாதம் நடந்தது. வாக்கெடுப்பு நடக்கவில்லை. லிபரல் ஜனநாயகக் கட்சி சொந்த மசோதா எதையும் முன்வைக்கவில்லை.

முதல் இரண்டு மசோதாக்களும் நான்காம் வழியைச் சேர்ந்தவை. குழந்தையின் பெயரில்தான் சிறு வேறுபாடு. அரசியல்சாசன ஜனநாயகக் கட்சி, 1996 வரைவைப் போலவே, குழந்தைக்கு எந்தப் பெயர் என்பதைத் திருமணத்தின்போது தீர்மானிக்கச் சொல்கிறது. மக்கள் ஜனநாயகக் கட்சியோ, கொசெக்கியின் முதல் வரியில் யார் என்பதைத் திருமணத்தின்போது முடிவுசெய்தால் போதும், குழந்தைகளுக்கு அவர் பெயர் என்கிறது. தகாய்ச்சி எழுப்பும் சண்டை பற்றிய அச்சத்துக்கு இரண்டிலும் பதில் இருக்கிறது: மோதல் வருமென்றால் அது மணமேடைக்கு முன்பே வரட்டும், தொட்டிலருகே வர வேண்டாம்.

தாயும் பிள்ளையும் வேறு பெயரோடு இருந்தால் பிள்ளை வருந்தும் என்ற கவலையை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அது உண்மையான தாய் தந்தையரின் கவலை. ஆனால் ஜப்பானில் இப்போதே அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். வெளிநாட்டவரை மணக்கும் ஜப்பானியருக்கு 750ஆம் பிரிவு பொருந்துவதில்லை. அவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் ஆறு மாதத்துக்குள் துணையின் பெயருக்கு மாறலாம். அதாவது இந்தத் தேர்வுரிமை ஒரு பகுதி ஜப்பானியருக்கு ஏற்கனவே இருக்கிறது. கொரிய மருமகனையோ பிரெஞ்சு மருமகளையோ கொண்ட வீட்டில் குலையாத குடும்பம், ஜப்பானியர் இருவர் மணந்த வீட்டில் மட்டும் ஏன் குலையும்? இதற்குத் தகாய்ச்சியின் தரப்பிலிருந்து நிறைவான பதிலை நான் பார்த்ததில்லை.

மக்கள் என்ன நினைக்கிறார்கள்? அமைச்சரவை அலுவலகத்தின் 2017 கணக்கெடுப்பில் 42.5 சதவீதம் பேர் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகச் சட்டத்தைத் திருத்தலாம் என்றனர். 2021 கணக்கெடுப்பில் கேள்வியின் அமைப்பு மாறியது. ஒரே பெயர் முறையை வைத்துக்கொண்டு வழக்குப் பெயருக்குச் சட்டம் இயற்றலாம் என்றவர்கள் 42.2 சதவீதம், தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்றவர்கள் 28.9, இருப்பதே போதும் என்றவர்கள் 27.0. மக்களின் மனம் நான்கு ஆண்டுகளில் அவ்வளவு மாறியதா, கேட்ட விதம் மாற்றியதா என்பது இன்றும் சர்ச்சை. எனக்கு அந்த எண்களைவிட அந்தக் கேள்வியே உறுத்துகிறது. வழக்குப் பெயர்ச் சட்டமா, தேர்வுரிமையா, ஒன்றைச் சொல் என்கிறது அது. இரண்டும் ஏன் சேர்ந்து வரக் கூடாது?

நான் சொல்ல வந்ததே இதைத்தான். தகாய்ச்சியின் வழி நான்காம் வழியின் இடத்தில் உட்கார வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் நிற்கலாம். இனி மணக்கப்போகிறவர்களுக்கு 750ஆம் பிரிவைத் திருத்துங்கள். ஏற்கனவே பெயர் மாறிவிட்டவர்கள் விரும்பினால் பழைய பெயருக்குத் திரும்ப 1996 வரைவு ஓராண்டு அவகாசம் தந்தது. அது போதாது, கூடுதலாகக் கொடுங்கள். பதிவேட்டை மாற்ற விரும்பாமல் வேலையிடத்தில் மட்டும் பழைய பெயர் வேண்டும் என்பவர்களுக்குத் தகாய்ச்சியின் சட்டத்தைக் கொடுங்கள். ஒரே பெயரில் இருக்க விரும்பும் தம்பதியிடமிருந்து இதில் எதுவும் பறிபோகவில்லை.

அரசியல் காற்று இப்போது அந்தப் பக்கம் வீசவில்லை. தேர்வுரிமையை ஆதரித்த கோமெய்தோ கட்சி, லிபரல் ஜனநாயகக் கட்சியுடனான 26 ஆண்டுக் கூட்டணியை முறித்துக்கொண்டு 2025 அக்டோபர் 10 அன்று வெளியேறியது. பத்தே நாளில் அந்த இடத்துக்கு இஷின் வந்தது. இரு கட்சிகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், தம்பதிக்கு ஒரே பெயர் என்ற கொள்கையையும் கொசெக்கியையும் காத்தபடி வழக்குப் பெயருக்குச் சட்ட வலு தரும் மசோதாவை 2026இன் வழக்கமான கூட்டத்தொடரில் கொண்டுவருவதென்று எழுதப்பட்டது. தலைமைத் தேர்தலில் 2024இல் போட்டியிட்டபோது தேர்வுரிமை மசோதாவை ஓராண்டுக்குள் கொண்டுவந்து எம்.பி.க்களை மனச்சாட்சிப்படி வாக்களிக்க விடுவேன் என்று சொன்னவர் கொய்சுமி, அவர் தோற்றார். ஒரு கட்சித் தேர்தலின் சில பத்து வாக்குகள் ஒரு நாட்டின் மணமக்களுக்கு எந்த வாசல் திறக்கும் என்பதைத் தீர்மானித்திருக்கின்றன.

அந்த மசோதாவை எடைபோடும் எவரும் யூகோ மியாசாகியை நினைத்துப் பார்க்க வேண்டும். சகுராய்க்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. 2017 செப்டம்பரில் நீதிமன்றங்கள் தீர்ப்புகளில் நீதிபதிகளின் பழைய பெயரை அனுமதித்தன. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மியாசாகி, பிறந்த வீட்டுப் பெயரில் பணியாற்றிய முதல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். தகாய்ச்சியின் வழி ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தர முடியுமோ அவ்வளவையும் பெற்றவர். 2021 ஜூனில் அதே பெயர் விதி மீண்டும் பேரமர்வின் முன் வந்தது. சக நீதிபதி கட்சுயா உகாவுடன் சேர்ந்து அவர் எழுதிய மாற்றுத் தீர்ப்பில், சுதந்திரமான மண ஒப்புதலுக்கு அந்தச் சட்டம் தடையாக நிற்கிறது என்றார். இரட்டைப் பெயரைக் கொடுப்பதால் இழந்தது ஈடாகிவிடாது என்றும் சொன்னார்.